லாவோஸ் பஸ்ஸில் ஏறிய இரண்டு சைக்கிள்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் சைக்கிள் பயணம் போகிறவர்கள் பட்டறைக்கு வந்து என்னிடம் கேட்பதெல்லாம் விமானத்தைப் பற்றித்தான். அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும், டயரில் காற்றை இறக்க வேண்டுமா, எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்பார்கள். பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் விமானத்தில் ஏறுவது போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். நடுவில் முழங்கால் வலித்தால் பஸ், நாள் குறைந்தால் பஸ், மழை வந்தாலும் பஸ். பெட்டிக்குள் இல்லாமல் சைக்கிள் வெறும் உடம்போடு போவதும் அந்தப் பஸ்ஸில்தான்.

இதில் வரும் இருவரும் என் பட்டறையின் பழைய வாடிக்கையாளர்கள். பெயர் வேண்டாம் என்ற பேச்சோடு, நடந்ததை எழுதச் சம்மதித்தார்கள். பயணத்தின்போது மூன்று தடவை என்னோடு போனில் பேசினார்கள். திரும்பி வந்த பிறகு இரண்டு சைக்கிளையும் நானே பிரித்துப் பார்த்தேன். இருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதியது இது. ஓரிடத்தில் மட்டும் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

மூத்தவருக்கு 58 வயது, விருப்ப ஓய்வு பெற்றவர். இளையவர் அவருடைய அக்கா மகன், வயது 27. கோவையிலிருந்து வால்பாறை, மூணாறு என்று சேர்ந்து போய்ப் பழகியவர்கள். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் பயணம். 2024 ஜனவரி கடைசியில் கிளம்பினார்கள், கையில் 24 நாள்.

பாங்காக் வழியாக விமானத்தில் லாவோஸின் லுவாங் பிரபாங். அங்கிருந்து 13ஆம் எண் சாலையில் மலையேறி இறங்கித் தலைநகர் வியன்டியன். அப்புறம் தெற்கே பாக்சே. அங்கே மூத்தவருக்கு ஒரு காரியம் இருந்தது. பாக்சேக்குத் தெற்கில், சம்பாசாக் ஊருக்குப் பக்கத்தில் வாட் பூ என்ற பழைய கெமர் கோயில் இருக்கிறது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையின் உச்சி லிங்கம் போலத் துருத்திக்கொண்டிருப்பதால் பழைய கல்வெட்டுகள் அதை லிங்கபர்வதம் என்கின்றன. மலை ஊற்றின் நீரை வாய்க்கால் வைத்துக் கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் விழச் செய்திருந்தார்கள். "அந்த ஊத்துத் தண்ணிய ஒரு தடவ கையில ஏந்தணும்" என்பது அவருடைய ஆசை.

வியன்டியனிலிருந்து பாக்சே ஏறக்குறைய 670 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை, வெயில், லாரி. சைக்கிளில் போனால் எட்டு நாளாவது ஆகும். 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய சீன எல்லை ரயில் வியன்டியனோடு நின்றுவிடுகிறது, தெற்கே ரயில் கிடையாது. ஆகவே அந்தத் தூரத்துக்கு இரவு பஸ் என்று ஊரிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

மூத்தவருடையது இருபது வருடப் பழைய ஸ்டீல் சைக்கிள், தோல் சீட். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் செயினைக் கியருக்குக் கியர் மாற்றித் தரும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் ஃப்ரேமோடு சேர்ந்தே வார்த்தது. இளையவருடையது அலுமினியம், ஹேங்கர் தனித் துண்டு. இரண்டிலும் ரிம் பிரேக், கருவி இல்லாமல் கையாலேயே கழற்றும் குவிக் ரிலீஸ் சக்கரம். விமானத்துக்கு இரண்டையும் நான்தான் பிரித்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன், கட்டும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். "பஸ்ஸுக்கு?" என்று இளையவர் கேட்டபோது, "டிக்கியில போட்டுக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிப் பதில் போதவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலையில் முதல் பஸ்

லுவாங் பிரபாங்கிலிருந்து கியூகச்சாம் என்ற மலையூர் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் பெரிது. இரண்டு நாளாகப் பிரித்துத்தான் ஏறினார்கள். ஆனாலும் இரண்டாம் நாள் மாலை மூத்தவரின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் எழுந்தபோது மடக்க முடியவில்லை. எதிரே பூ கூன் வரைக்கும் இன்னும் 50 கிலோமீட்டர் மலை, ஏறி இறங்கி ஏறும் பாதை.

தங்கியிருந்த வீட்டில் ஒருநாள் ஓய்வெடுப்பதா, பஸ் பிடித்து வாங் வியங் போய்விடுவதா என்று யோசித்தார்கள். கியூகச்சாமில் மருந்துக்கடை என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. வாங் வியங் சுற்றுலாப் பயணிகள் நிறைந்த ஊர், அங்கே மருத்துவமனை இருக்கிறது. பஸ் என்றே முடிவானது. காரணம் சரியானது என்றுதான் எனக்கும் படுகிறது.

காலை எட்டு மணியிலிருந்து சாலையோரம் நின்றார்கள். கடந்து போன மினி வேன்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன, சைக்கிளைப் பார்த்ததும் நிற்கவே இல்லை. பதினொன்றரை மணிக்குக் கூரையில் கேரியர் வைத்த பழைய பஸ் ஒன்று நின்றது. கிளீனர் இறங்கி சைக்கிளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஐந்து விரலை விரித்துக் காட்டினார். சைக்கிளுக்கு 50,000 கிப். அன்றைய மதிப்பில் நம் பணம் 200 ரூபாய் அளவு. மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள்.

நடந்த வேகத்தில் பைகளைக் கழற்ற மட்டுமே நேரம் கிடைத்தது. கிளீனர் கூரையில் நின்று கயிற்றை இறக்கினார், இளையவர் கீழிருந்து தூக்கிக் கொடுத்தார். மேலே ஏற்கெனவே அரிசி மூட்டை, வாழைத்தார், பிளாஸ்டிக் நாற்காலிக் கட்டு. சைக்கிள்கள் மூட்டைகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன, லாரி டியூபைக் கிழித்த பட்டையால் குறுக்கே ஒரு கட்டு. இளையவர் கீழேயிருந்து பார்த்தபோது மாமாவின் சைக்கிள் அடியில், செயின் பக்கம் கீழாகக் கிடந்தது. "திருப்பிப் போடச் சொல்லலாமா" என்று தோன்றியதாம். பஸ் உறுமிக்கொண்டிருந்தது, மாமா வலியோடு படியில் கால் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

வாங் வியங் போய்ச் சேர ஐந்து மணி நேரம். இறக்கிப் பார்த்தபோது மேல் பைப்பில் பெயிண்ட் உரிந்திருந்தது. அது பெரிதில்லை. பின்னாலிருந்து பார்த்தால் டீரெய்லர் சக்கரத்தை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தது. ஹேங்கர் வளைந்துவிட்டது. கீழே கிடந்த சைக்கிளின் மொத்தப் பாரமும், மேலே கிடந்த சைக்கிளின் பாரமும், வளைவுக்கு வளைவு அந்த ஒரு துண்டு இரும்பின் மேலே இறங்கியிருக்கிறது.

இது ஏன் ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே சாய்ந்த டீரெய்லரோடு சமதரையில் ஓட்டினால் கியர் சரியாக விழாது, கடகடவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். ஏற்றத்தில் கடைசிக் கியருக்குத் தள்ளினால் டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய் மாட்டும். சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். ஸ்போக் அறுந்து, டீரெய்லர் பிய்ந்து, ஆளும் விழலாம். இளையவர் ஓட்டிப் பார்க்காமல் போட்டோ எடுத்து அனுப்பியது நல்ல காரியம்.

வாங் வியங்கில் நிமிர்த்தியது

மருத்துவமனையில் தசைப்பிடிப்புதான், இரண்டு நாள் நடக்காமல் இருங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளில் சைக்கிள் வேலை நடந்தது.

ஹேங்கர் நிமிர்த்தும் கருவி அங்கே கிடைக்கவில்லை. நான் போனில் சொன்ன வழி இது. இளையவரின் சைக்கிளிலிருந்து பின் சக்கரத்தைக் கழற்றி, குவிக் ரிலீஸ் கம்பியை உருவிவிட வேண்டும். மூத்தவரின் சைக்கிளிலிருந்து டீரெய்லரைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கழற்றிய சக்கரத்தின் அச்சு முனையைத் திருக வேண்டும், பல்சக்கரம் இல்லாத பக்கத்து முனை. இரண்டுக்கும் ஒரே மரை, 10 மில்லிமீட்டர் தடிமன், 1 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி. இப்போது இரண்டு சக்கரங்கள் அக்கம்பக்கமாக நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே நான்கு இடத்திலும் இரண்டு ரிம்முக்கும் நடுவே இடைவெளி ஒன்றாக இருந்தால் ஹேங்கர் நேர். இல்லையென்றால் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும்.

விடுதி முற்றத்தில் மாமா சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, மருமகன் சக்கரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார். மேலே மூன்று விரல் இடைவெளி, கீழே ஒரு விரல். அளவெடுக்க மூத்தவர் தன் விரலையே வைத்திருக்கிறார். நான்கைந்து இழுப்பில் நேரானது. இது ஸ்டீல் ஹேங்கர் என்பதால் நடந்தது. அலுமினியம் ஒருமுறை வளைந்தால் நிமிர்த்துவதே பயம்தான், பல நேரம் முறிந்துவிடும். அடியில் கிடந்தது இளையவரின் சைக்கிளாக இருந்திருந்தால், அந்த ஃப்ரேமுக்கென்று உள்ள ஹேங்கர் கிடைக்கும்வரை பயணம் நின்றிருக்கும். அவர் கையில் உதிரி இல்லை.

மூன்றாம் நாள் கிளம்பி, விரைவுச்சாலையை விட்டுப் பழைய சாலையிலேயே இரண்டு நாளில் வியன்டியன் போய்ச் சேர்ந்தார்கள்.

வியன்டியன்: டிக்கெட் இருந்தது, இடம் இல்லை

நகரத்துக்குள் ஒரு முகவரிடம் வெள்ளிக்கிழமை இரவு பாக்சே போகும் படுக்கை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்கள். சைக்கிளைக் கையால் காட்டி, "லோட் தீப்?" என்று கேட்டார் இளையவர். லாவோ மொழியில் சைக்கிளுக்கு அதுதான் சொல். முகவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "போ பென் ஞங்."

நம் ஊரில் "பரவாயில்லை", "அட, அதுக்கென்ன" என்பது போன்ற பேச்சு அது. காலை மிதித்துவிட்டாலும் அதுதான், கடன் தாமதமானாலும் அதுதான். "உங்கள் சைக்கிளுக்கு டிக்கியில் இடம் எடுத்து வைத்தாயிற்று" என்று அதற்குப் பொருள் இல்லை. இவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். முகவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் விற்பது படுக்கையை. டிக்கி அவருடையது இல்லை.

தெற்கு பஸ் நிலையம் நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சைக்கிளிலேயே போனார்கள். பஸ் எட்டரைக்கு, இவர்கள் போய்ச் சேர்ந்தது ஏழேகாலுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, போதும் என்ற கணக்கு.

டிக்கிக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை முட்டப் பெட்டிகள், உர மூட்டை, துணிப் பொதி, ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். தலையில் டார்ச் கட்டியிருந்த லோடுக்காரர் இரண்டு சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போ டாய்" என்றார். முடியாது என்று பொருள். இளையவர் டிக்கெட்டை நீட்டினார். அவர் வாங்கிப் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, பஸ் மாடியைக் காட்டினார். ஆள் ஏறலாம் என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு அவரே ஒரு வழி சொன்னார், பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். சைக்கிளை இங்கே விட்டுவிட்டு ஏறுங்கள், நாளை பஸ்ஸில் பார்சலாக அனுப்புகிறேன். மூத்தவருக்கு அதில் சம்மதமில்லை. கூட்டத்தில் ரசீது எழுத யாருக்கும் நேரமில்லை, பாக்சேயில் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. அவர் சொன்ன மாற்று, "மாப்ள, நீ இந்த பஸ்ல போ. நான் ரெண்டு சைக்கிளோட நாளைக்கு வர்றேன்." இளையவர் மறுத்துவிட்டார். "முட்டி வலியோட உங்கள இங்க தனியா விட்டுட்டுப் போயி, அம்மாகிட்ட நான் என்னங்க மாமா சொல்லுவேன்?"

இங்கேதான் இருவர் சொல்வதும் வேறுபடுகிறது. தான் கோபப்படவில்லை என்கிறார் மூத்தவர். மாமா அரை மணி நேரம் பேசவே இல்லை என்கிறார் இளையவர். எப்படியோ, பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து தங்குவது என்று முடிவானது. பணத்தைப் பார்த்தால் நஷ்டம்தான். டிக்கெட்டை நிலையத்தில் மாற்றித் தரவில்லை, மறுநாள் முகவர் பாதிப் பணம் மட்டும் கொடுத்தார். ஆனால் இந்தப் பயணத்தில் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் மிகச் சரியானது என்று நான் நினைக்கிறேன். ஆளும் சைக்கிளும் வேறு வேறு பஸ்ஸில் போனால், எது தவறினாலும் சரிசெய்ய யாரும் அருகில் இருக்க மாட்டார்கள்.

மறுநாள்: முதலில் பார்த்தது, பிறகு கட்டியது

சனிக்கிழமை இளையவர் சைக்கிளை எடுக்காமல் மூன்றரை மணிக்கே நிலையத்துக்குப் போனார். பஸ் வந்து நிற்பதிலிருந்து பார்ப்பது என்று திட்டம். நான் சொல்லிச் செய்தது இல்லை, அவராகத் தோன்றிச் செய்தது. இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு உதவக்கூடிய விஷயம் பெரும்பாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கிடைத்தது.

அவர் பார்த்தது இது. பஸ் நாலு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. பயணிகள் வருவதற்கு வெகு முன்னால் பார்சல் ஏறத் தொடங்கியது. லோடு ஏற்றுவதில் ஒரு வரிசை இருந்தது: கடைசி ஊருக்குப் போவது முதலில் உள்ளே, வழியில் இறங்குவது கடைசியில், கதவுப் பக்கம். பாக்சே கடைசி நிறுத்தம். அப்படியானால் பாக்சே போகும் சைக்கிள் முதலில் ஏற வேண்டிய சரக்கு. முந்தின நாள் இவர்கள் அதைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். ஏழேகால் என்பது பயணிக்குச் சீக்கிரம், சரக்குக்கு ரொம்பத் தாமதம்.

இன்னொன்றையும் கவனித்தார். லாவோஸில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. வழியில் நிற்கும்போது ஓரமாக வலப்பக்கக் கதவைத்தான் திறப்பார்கள். ஆகவே இடது சுவரை ஒட்டி வைத்தால் ராத்திரி முழுக்கக் கை படாது.

அதே லோடுக்காரர்தான் அன்றும். இளையவர் அருகே போய், இரண்டு சைக்கிள், சக்கரம் கழற்றி, இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினார். அவர் டிக்கிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு லட்சம் கிப் என்றார், ஒரு சைக்கிளுக்கு. இளையவர் சரி என்று சொல்லி, ஐந்து மணிக்குள் மாமாவோடு திரும்பினார்.

இந்தப் பணத்தில் மாமாவுக்கும் மருமகனுக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். டிக்கெட் வாங்கியாயிற்று, அப்புறம் கையில் கொடுப்பது லஞ்சம் என்பது மூத்தவர் கட்சி. ஆயுள் முழுக்க ரசீது போட்டு வாழ்ந்தவர், அவர் மனம் அப்படித்தான் சொல்லும். எனக்கு இது கூலி என்றே படுகிறது. அந்த டிக்கியில் சைக்கிள் பிடிக்கும் இடத்தில் காசு கட்டிய பார்சல் நாலு போகும். நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் மூட்டை ஏற்றுபவருக்குக் கொடுக்கிறோம் அல்லவா, அதே கணக்குதான். பணத்தை முதலில் நீட்டாமல், வேலையைப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன தொகையைக் கொடுத்தார்கள். மூத்தவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

கட்டிய விதம். முன் சக்கரத்தைக் கழற்றி ஃப்ரேமின் பக்கத்தில் வைத்து மூன்று இடத்தில் கட்டு. பெடல் இரண்டும் கழற்றப்பட்டன. 15 ஸ்பானர் வேண்டும், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை மறந்தால் இறுக்கிக்கொண்டே இருப்போம். ஹேண்டில் பார் ஃப்ரேமுக்கு இணையாகத் திரும்பியது. முன் சக்கரம் போன பிறகு வெறுமையான ஃபோர்க் முனைகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டு, அழுந்தினால் நெளியாமல் இருக்க. கடைசியாக டீரெய்லர். 5 மில்லிமீட்டர் அலன் கீயால் ஒரே ஒரு போல்ட். கழற்றி, செயினோடு பழைய பனியனில் சுற்றி, ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டியாயிற்று. கேபிளைத் தொடவே வேண்டாம். சைக்கிள் எந்தப் பக்கம் விழுந்தாலும் இனி வளைய ஹேங்கரில் எதுவும் தொங்கவில்லை. இரண்டு நிமிட வேலை. கியூகச்சாமில் இது தெரிந்திருந்தால், பஸ் உறுமும்போதேகூடச் செய்திருக்கலாம்.

செயின் பக்கத்துக்கு மேல் ஒரு பாலித்தீன் விரிப்பு. இது சைக்கிளுக்கு அல்ல, பக்கத்து மூட்டைகளுக்கு. யாருடைய துணிப்பொதியிலாவது கிரீஸ் அப்பினால் அடுத்து வருகிற சைக்கிள்காரருக்குத்தான் கதவு மூடும். லோடுக்காரர் அந்த விரிப்பைப் பார்த்துத் தலையை ஆட்டியதாக இளையவர் சொன்னார். பிறகு அவரே இரண்டு சைக்கிளையும் இடது சுவரோடு நிறுத்தி, அட்டை செருகி, தன் கயிற்றால் கட்டினார்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் தவறி அழுந்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், இறங்கிய இடத்தில் சக்கரத்தில் உள்ள ரோட்டார் தட்டு உள்ளே போகாது.

இரவும் விடியலும்

இருவரும் முறை வைத்து விழித்திருப்பது, டிக்கி திறக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் இறங்கிப் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நள்ளிரவுக்குப் பிறகு தாகெக்கில் நிறையப் பெட்டிகள் இறங்கின. எல்லாம் வலது கதவு வழியாக. சைக்கிள்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அதைப் பார்த்த நிம்மதியில் இருவருமே தூங்கிவிட்டார்கள்.

விடியற்காலையில், தெரியாத ஏதோ ஒரு நிறுத்தத்தில், காலியான இடத்தில் புதுச் சரக்கு ஏறியிருக்கிறது. பாக்சேயில் ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிறையப் பாடேக், மீனை உப்பும் தவிடும் போட்டுப் புளிக்க வைக்கும் லாவோ நாட்டுக் குழம்புச் சரக்கு. மூடி சரியாக இறுகாமல் கசிந்து, மூத்தவரின் தோல் சீட் அதில் ஊறிப் போயிருந்தது. செயினிலும் பின் ரிம்மிலும் வழிந்திருந்தது.

உப்பு நீர் என்பதால் உடனே கழுவியாக வேண்டும். நிலையத்துக் குழாயில் இரண்டு சைக்கிளையும் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டார்கள். வேறு சேதம் இல்லை. ஹேங்கர் இரண்டும் நேர், சக்கரம் நேர். முதல் பஸ்ஸில் சும்மா கிடந்து போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

பூட்டும்போது ஒரு தவறு நடந்தது. இளையவரின் சைக்கிளில் கியர் எதுவும் ஒழுங்காக விழவில்லை, ஹேங்கர் வளைந்துவிட்டதோ என்று பயந்து காலை ஏழரைக்கு எனக்குப் போட்டோ அனுப்பினார். ஹேங்கர் நன்றாகவே இருந்தது. டீரெய்லரின் தலையில் சின்ன நாக்கு ஒன்று உண்டு, அது ஹேங்கரில் உள்ள தட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். இவர் போல்ட்டை இறுக்கும்போது அது தட்டின் மேலேயே ஏறிக்கொண்டது. தளர்த்தி, டீரெய்லரைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தபடி இறுக்கியதும் சரியானது. முதல் இரண்டு மூன்று சுற்றைக் கருவி இல்லாமல் விரலால் திருகுவதும் முக்கியம், அலுமினிய மரை ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

பிறகு

அடுத்த நாள் மேகோங் கரையோடு சம்பாசாக். வாட் பூவின் மேல் தளத்துக்குப் போகும் செங்குத்தான கல்படிகளில் மூத்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாறைக்கு அடியில் சொட்டும் ஊற்றுநீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயணத்தின் கடைசிப் பகுதி சிக்கல் இல்லாமல் போனது. சோங் மெக் எல்லையைச் சைக்கிளில் கடந்து தாய்லாந்தின் உபோன், அங்கிருந்து ரயிலில் பாங்காக்.

கோவைக்கு வந்ததும் நான் பார்த்தபோது மூத்தவரின் ஹேங்கர் கருவியில் வைத்து அளக்க அரை மில்லிமீட்டர்கூடத் தவறவில்லை. விடுதி முற்றத்தில் விரலால் அளந்து செய்த வேலை அது. செயினில் மட்டும் உள்துரு பிடித்திருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

டிக்கெட் வாங்குவதற்கு முன், முடிந்தால் முந்தின நாளே, நிலையத்துக்குப் போய் அதே பஸ்ஸுக்கு லோடு ஏறுவதைப் பார்ப்பது. சைக்கிளைப் பற்றிய பேச்சை டிக்கெட் விற்பவரிடம் முடிக்காமல், டிக்கிக் கதவில் நிற்பவரிடம் பேசுவது. அவர் தலையாட்டிய பிறகு டிக்கெட். பஸ் நிரம்பினால் ஒரு இரவு தங்க நாளும் பணமும் ஒதுக்கி வைப்பது. இவர்களுக்கு 24 நாளில் இரண்டு நாள் உபரி இருந்ததால்தான் வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட முடிந்தது. மறுநாள் விமானம் என்றிருந்தால் சைக்கிளை நிலையத்தில் விட்டுவிட்டுத்தான் ஏறியிருப்பார்கள்.

கூரையில் போகும் பஸ் என்றால் டீரெய்லரைக் கழற்றாமல் சைக்கிளை மேலே கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அலுமினிய ஃப்ரேம்காரர்கள் தங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் உதிரி ஹேங்கர் ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிப் போக வேண்டும். கைக்குள் அடங்கும் பொருள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சீட்டுக்குத் தடித்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கழுத்தில் கட்டிவிடுவது. முதலில் ஏறியது கடைசிவரை பத்திரம் என்று நினைத்ததுதான் பாடேக் விஷயத்தில் ஏமாந்த இடம். வழியில் காலியாகும் இடத்தில் எது வந்து உட்காரும் என்பது நம் கையில் இல்லை.

கியூகச்சாமில் ஒருநாள் ஓய்வெடுத்திருக்கலாமா என்று இருவரையும் கேட்டேன். எடுத்திருக்கலாம் என்கிறார் இளையவர். அன்று பஸ் ஏறியதுதான் சரி, ஏற்றிய விதம்தான் தப்பு என்கிறார் மூத்தவர்.

அந்தத் தோல் சீட்டை மாற்றச் சொல்லிப் பார்த்தேன், மறுத்துவிட்டார். எலுமிச்சை, வெயில், எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. ஈரக் காற்றடிக்கும் நாளில் சைக்கிளைப் பட்டறைக்குள் நிறுத்தினால் இன்னும் லேசாக மீன் வாடை வருகிறது. சீட்டுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் அலன் கீ ஒன்றை இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.